பெஞ்சு மேல் ஏறிய பிரைஸ்

அரைத்து முடித்த கேழ்வரகு மாவுக்கு ஒரு சூடு உண்டு. மில்லின் துணிக்குழாயிலிருந்து கொட்டும்போது கை வைத்தால் காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும். அதோடு ஒரு மணம். வறுத்ததும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற மணம். போன வாரம் பாப்பிரெட்டிப்பட்டி மாவு மில்லில் நின்றபோது அது என் மூக்கில் ஏறியது. இப்போதெல்லாம் தானியத்தையும் மில்லிலேயே விற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர்கள் நடைப்பயிற்சி முடித்து ஷூவோடு வந்தவர்கள். ராகி விலை மறுபடி ஏறிவிட்டது என்றார் மில்காரர். அதைக் கேட்டதும் ஒருவர், இன்னும் ஏறிவிடப் போகிறது என்று, இரண்டு கிலோவை ஐந்தாக்கினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு முன்னால் முழங்கால் லேசாக மடங்கப் பார்த்து, பிறகு வேண்டாம் என்று நிமிர்ந்துகொண்டது. மூளை மறந்ததை மூட்டு வைத்திருக்கிறது.

என் வயசுக்காரிகளே, ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களே, உங்களில் எத்தனையோ பேர் இதைக் கடந்து வந்தவர்கள்தான். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் ஒரு காலைப்பொழுதில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தோமே, அது வலது செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனது மாதிரி இருக்கும். நடக்க முடியும். ஆனால் எல்லாரும் காலையே பார்ப்பதாகத் தோன்றும்.

எங்கள் பெண்கள் பள்ளியில் அந்த வருடம்தான் வணிகப் பிரிவை ஆங்கில வழியில் தொடங்கியிருந்தார்கள். சோதனைக்காகத்தான். இருபத்திரண்டு பேர். வருடத்தின் நடுவில் கல்வி அதிகாரி வந்து பார்ப்பார். இந்தப் பிள்ளைகள் தேறுவார்கள் என்று அவர் எழுதினால் வகுப்பு தொடரும், இல்லையென்றால் கலைத்துவிட்டு எங்களைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவார்கள். என் அப்பா அப்போது பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்தார். நான் ஆங்கில வழியில் சேர்ந்ததை ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். "அங்க இங்கிலீசு தெரிஞ்சவன் பில்டிங்குக்குள்ள உக்காந்திருக்கான், தெரியாதவன் பில்டிங்கக் கட்டிக்கிட்டு இருக்கான்" என்பது அவர் பெங்களூரில் கண்ட பொருளாதாரம். எனக்கு அந்த வகுப்பு நிலைக்க வேண்டும். அவ்வளவுதான் அந்த வருடத்தில் எனக்கு வேண்டியிருந்தது.

பொருளியலுக்கு ஆள் கிடைக்காமல் பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்தில் ஒருவரை வைத்தார்கள். படித்தது வரலாறு. மீசை இன்னும் முடிவெடுக்காத வயசு. எங்களைவிட ஒரே ஒரு பாடம் முன்னால் இருந்தார். முந்தின மாலை அவர் யாரோ கொடுத்த பழைய நோட்டிலிருந்து படித்தது மறுநாள் காலை எங்கள் நோட்டுக்கு வரும். பாடப்புத்தகத்தை யாரும் திறப்பதே இல்லை. அவருக்கும் அது பயமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் சாருக்கு ஒரு யோசனை இருந்தது. செருப்புப் பெட்டி அட்டைகளைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதி, எங்கள் தாவணியில் ஊக்கால் குத்தச் சொன்னார். இனி உங்கள் பெயர் வீட்டில் இருக்கட்டும், இந்த அறைக்குள் இதுதான் பெயர் என்றார். அப்படியாக நாங்கள் கன்ஸ்யூமர், இன்கம், யூட்டிலிட்டி, ஸ்கேர்சிட்டி ஆனோம். பற்றாக்குறை என்று பொருள்படும் ஸ்கேர்சிட்டிதான் வகுப்பிலேயே குண்டு. லக்சுரி வெறுங்காலோடு பள்ளிக்கு வந்தாள், அதை அவளே சொல்லிச் சிரித்து எங்களையும் சிரிக்க விட்டாள். சந்தை நாளில் அவரவர் தன் சொல்லைக் கண்டுபிடித்து வர வேண்டும். பழைய நோட்டில் சப்ஸ்டிட்யூட்டுக்கு, அதாவது மாற்றுப் பொருளுக்கு, தேநீரும் காபியும் என்று இருந்தது. எங்கள் சப்ஸ்டிட்யூட் சந்தைக்குப் போய்வந்து, தக்காளி ஏறினால் ரசத்துக்குப் புளியைக் கூட்டிக் கரைப்பார்கள் என்று நின்றாள். சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். ஒரு பெண் சொன்னதை ஆசிரியர் எழுதிக்கொள்வதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

நான் டிமாண்ட்.

பிரைஸ் ஒரு மலைக்காரப் பெண். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். சின்ன உருவம், வெடித்த குதிகால். சாமை வயலிலும் காட்டுப் பாதையிலும் நடந்த கால்களுக்குப் பெஞ்சு என்பது ஒரு உயரமே இல்லை. தாவணி நுனியைக் கூடத் தூக்காமல் ஏறுவாள். ஏறத்தான் அவளை பிரைஸ் ஆக்கினார் சார்.

பயிற்சி இதுதான். சார் ஒரு பொருளைச் சொல்வார். "தக்காளி, ரைசஸ்" என்றால் பிரைஸ் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும், நான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். "ஃபால்ஸ்" என்றால் அவள் இறங்கி உட்காருவாள், நான் எழுந்து நிற்பேன். மற்ற இருபது பேரும் சேர்ந்து, "பிரைஸ் ரைசஸ், டிமாண்ட் ஃபால்ஸ், அதர் திங்ஸ் பீயிங் ஈக்வல்" என்று கத்துவார்கள். பக்கத்து அறைக் கணக்கு டீச்சர் சுவரைத் தட்டுவார். விலை ஏறினால் வாங்குவது குறையும், மற்றவை மாறாமல் இருந்தால். அந்தக் கடைசித் துண்டு மட்டும் பிரைஸுக்குப் பிடிபடவே இல்லை. "மத்ததெல்லாம் எப்படி புள்ள அப்படியே இருக்கும்? எங்க மலையில ஒரு நாளாச்சும் இருந்துதா?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள். இருந்தாலும் கத்தினோம். அந்த வார்த்தைகள் வாயில் புது நெல்லிக்காய் மாதிரி உருண்டன. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பூக்காரியிடம், பஸ் கண்டக்டரிடம், ஆட்டுக்குட்டியிடம் ரைசஸ், ஃபால்ஸ் என்று சொல்லிக்கொண்டே போனேன். உலகத்துக்கு ஒரு ரகசிய மொழி இருப்பதாகவும் அதன் கதவை நானும் தொட்டுவிட்டதாகவும் இருந்தது.

அந்த வருடம் மழை இல்லை. ராகி விலை ஏறியது.

எங்கள் வீட்டில் மதியம் களி, சாயந்திரம் சோறு. ரேஷன் அரிசி பத்து நாளில் தீர்ந்துவிடும்; அதன் பிறகு கடை அரிசி. அப்பா அனுப்புகிற பணம் எப்போதும் அதேதான். மதியக் களிக்கே கூடுதலாகக் கொடுக்க வேண்டி வந்தபோது, மிச்சம் இருந்தது கடை அரிசிக்குப் போதவில்லை. ஏறின விலையிலும் ராகிதான் அரிசியைவிட மலிவு. அதனால் சாயந்திரமும் களி. அம்மா சந்தையிலிருந்து முன்பைவிடப் பெரிய ராகிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அரிசி களைகிற கழுநீரைப் பக்கத்து வீட்டு அத்தையின் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது எங்கள் தெரு வழக்கம். மாடில்லாத வீட்டுக் கழுநீர் மாடிருக்கும் வீட்டுக்கு. எந்த வீட்டில் சோறு பொங்குகிறது, எந்த வீட்டில் இல்லை என்று அந்தத் தொட்டிக்குத் தெரியும். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக்கொண்டாள். தினமும் சாயந்திரம் அதைக் களைந்து, தண்ணீரை எல்லாரும் பார்க்கத் தொட்டியில் ஊற்றிவிட்டு வருவாள். அந்த அரிசியை மறுநாள் காலை முறத்தில் பரப்பிக் காய வைப்பாள். சாயந்திரம் மறுபடி அதே அரிசி. காக்காய் வராமல் பார்த்துக்கொள்வது, பள்ளிக்குக் கிளம்பும் வரை என் வேலை. நாள் ஆக ஆக அரிசி கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

அதிகாரி வந்த காலையிலும் நான் அந்த முறத்தின் பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன்.

அதிகாரியம்மா பழுப்புப் பையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சார் தண்ணீர் குடித்தார், அட்டைகளைச் சரிபார்த்தார், மறுபடி தண்ணீர் குடித்தார். வெங்காயம், ரைசஸ். பிரைஸ் ஏறினாள், நான் உட்கார்ந்தேன். சர்க்கரை, ஃபால்ஸ். அவள் இறங்கினாள், நான் எழுந்தேன். கோரஸ் கூரையைத் தொட்டது. சாருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதிகாரிக்கும் பிடித்துவிட்டது போல. எழுந்து, நான் ஒன்று சொல்கிறேன் என்றார்.

"ராகி. ரைசஸ்."

பிரைஸ் ஏறினாள். என் முழங்கால் பாதி மடங்கி நின்றுவிட்டது. வீட்டு மூலையில் புடைத்துக்கொண்டிருக்கும் ராகிப் பை கண்ணில் வந்தது. முறம் வந்தது. உட்கார்ந்தால் அது பொய் என்று என் காலுக்குத் தெரிந்துவிட்டது. நான் நிமிர்ந்து நின்றேன். டிமாண்ட் ஃபால்ஸ் என்று தொடங்கிய கோரஸ் பாதியில் பிசிறியது. சார் உள்ளங்கையைத் தரையைப் பார்த்து அழுத்தி அழுத்திக் காட்டினார். பெஞ்சு மேலிருந்து, "உக்காரு புள்ள" என்று மூச்சுக்குள் சொன்னாள் பிரைஸ்.

அதிகாரி ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ராகி பிரைஸ் அப், மேடம். ராகி டிமாண்ட் ஆல்சோ அப்" என்றேன். "இன் மை ஹவுஸ். ஈவினிங் ஆல்சோ களி, மேடம். நோ சோறு."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், மாட்டிக்கொண்டார், பையிலிருந்த நோட்டில் ஏதோ நீளமாக எழுதினார். பையை மூடிக்கொண்டு போனார்.

சார் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, என் தாவணியிலிருந்து ஊக்கைக் கழற்றச் சொன்னார். "ஒரு களிக்காக இருபத்திரண்டு பேரு படிப்பக் கொண்டுபோய் அடகு வெச்சிட்டியேம்மா" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என்னை வரிசை எண்ணால் கூப்பிட்டார்: பதினேழு. அந்த வகுப்பு நின்றுபோனால் கலையப்போவது எங்கள் பிரிவு மட்டுமில்லை, அவருடைய வேலையும்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர் என்னை வெறுக்கிறார் என்று மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்களுக்கு நான் களி ஆனேன். "களி ரைசஸ், களி ஃபால்ஸ்" என்று இடைவேளையில் பாடினார்கள்.

வீட்டில் நானே சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த கோலைக் களிப் பானையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "நம்மூட்டு அடுப்ப அந்த ஆபீசரம்மாகிட்ட எதுக்குத் தொறந்து காட்டுன?" என்றாள். அன்று சாயந்திரமும் அரிசியைக் களைந்தாள். தொட்டிக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள். அதுவரை அவள் குனிந்து போனதில்லை.

என் இடத்தில் வேறொருத்தியை, நெட்டைப் பெண் ஒருத்தியை, டிமாண்ட் ஆக்கினார்கள். ஆனால் பிரைஸ் ஏற மறுத்துவிட்டாள். "கால் வலிக்குதுங்க சார்" என்றாள். மறுநாளும் கால் வலி. மூன்றாம் நாளும். மலையேறி வளர்ந்த காலுக்குப் பெஞ்சு ஏற வலிக்கிறதாம். சார் நாற்காலியைத் தூக்கி மேசை மேல் வைத்து, அதுதான் பிரைஸ் என்றார். நெட்டை டிமாண்ட் நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் குழாயடியில் துணி காய்கிற வரை என்ன செய்வது என்று பிரைஸ் பாடப்புத்தகத்தைத் திறந்திருக்கிறாள். நாங்கள் யாரும் திறக்காத புத்தகம். எங்கள் பாடத்துக்கு ஏழு பக்கம் தள்ளி, அச்சகத்துக் கத்தி படாமல் மேல் ஓரம் ஒட்டியபடியே இரண்டு தாள் இருந்திருக்கிறது. கொண்டை ஊசியை விட்டுக் கிழித்திருக்கிறாள்.

திங்கள் காலை அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சார் நாற்காலியைத் தூக்கப் போனபோது, இவள் புத்தகத்தோடு பெஞ்சு மேல் ஏறிவிட்டாள். கால் சரியாயிடுச்சா என்று சார் கேட்டார். சரியாயிடுச்சுங்க என்று சொல்லிவிட்டுப் படிக்கத் தொடங்கினாள். அவளுடைய ஆங்கிலத்தை எல்லாரும் கேலி செய்வார்கள். ஒவ்வொரு எழுத்தையும் கல் மாதிரி காலால் தட்டிப் பார்த்துத்தான் மிதிப்பாள். அப்படியே தட்டித் தட்டி, ஒரு வரிகூட விடாமல் படித்தாள். தேவை விதிக்கு விலக்குகள் உண்டு. எங்கேயோ ஒரு தூர தேசத்தில் ரொட்டி விலை ஏறியபோது, கறி வாங்கிய ஏழைகள் கறியை விட்டுவிட்டு, விலை ஏறிய ரொட்டியையே இன்னும் அதிகமாக வாங்கினார்கள். அதைக் கண்டு சொன்ன ஒரு வெள்ளைக்காரரின் பெயரையே அந்த மாதிரிப் பொருட்களுக்கு வைத்துவிட்டார்கள்.

படித்துவிட்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "ராகி. ரைசஸ்" என்றாள். என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். அவள் மேலே, நான் கீழே, இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். இதற்கு வகுப்பிடம் கோரஸ் இல்லை. பிறகு வெறுங்கால் லக்சுரி ஆரம்பித்தாள்: "பிரைஸ் ரைசஸ், டிமாண்ட் ரைசஸ்." ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள். களி களி என்று பாடிய வாய்களேதான். கணக்கு டீச்சர் சுவரைத் தட்டினார், யாரும் நிறுத்தவில்லை. தோழிகளே, அதற்குப் பிறகு என் பெயரை மேடைகளில் வாசித்திருக்கிறார்கள், கைதட்டியும் இருக்கிறார்கள். அந்தக் கோரஸ் மாதிரி எதுவும் என் முதுகெலும்பில் ஏறியதில்லை.

சார் புத்தகத்தை வாங்கி நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு தன் மேசையிலிருந்த அவருடைய பிரதியை எடுத்தார். அதிலும் அந்த இரண்டு தாள் ஒட்டியபடியே இருந்தது. அவர் பிரைஸிடம் கையை நீட்டி, "அந்த ஊசியக் குடும்மா" என்றார். எங்கள் எல்லாருக்கும் முன்னால், மெதுவாக, ஓரம் பிசிறாமல் கிழித்தார். அதற்கப்புறம் சட்டைப் பையில் கை விட்டார். என் அட்டை அங்கேயே இருந்திருக்கிறது, இத்தனை நாளும். வியர்வையில் எழுத்து கலங்கி, மூலை மழுங்கியிருந்தது. அதை அவர் என்னிடம் கொடுத்தார். நான் தாவணியில் குத்திக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை ஒரு கடிதத்தைப் படித்தார். ஆங்கிலவழி வணிகப் பிரிவு தொடரலாம். காரணம் எழுதவில்லை. அதிகாரி அன்று நோட்டில் நீளமாக எழுதியது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களால் தொடர்ந்ததா, நாங்கள் இருந்தும் தொடர்ந்ததா என்று யோசித்து யோசித்து, கடைசியில் பெருமையை நாமே எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை பிரைஸின் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் படித்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் சொன்னேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இன்னொரு முறை ஆங்கிலத்திலேயே படி என்றாள். புரியவில்லை என்றாலும் கண்ணை மூடிக் கேட்டாள். பக்கத்து வீட்டு அத்தை கழுநீருக்காக வந்து நின்றிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"ரொட்டியக் கழுவ முடியாதே" என்றாள் அம்மா. "பாவம், அந்த ஊரு பொம்பளைங்க எப்படித்தான் மறைச்சாங்களோ."

அத்தை சத்தமாகச் சிரித்துவிட்டாள். கழுநீரில் வெளுப்பே இல்லாமல் தொட்டியில் அடி தெரிய ஆரம்பித்தே ஒரு மாசமாகிறது என்றாள். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று அம்மா கேட்டதற்கு, கேட்டால் நீ சொல்ல வேண்டி வரும், அதான் கேட்கவில்லை என்றாள். அம்மா எல்லாரையும் ஏமாற்றிவிட்டதாக நினைத்திருந்தாள். அத்தை அதை நம்பியதுபோல் தினமும் வந்து நின்றிருக்கிறாள். அந்த ஒரு பிடி அரிசியை அன்று சமைத்தோம். கழுவிக் கழுவித் தேய்ந்த அரிசி, வாயில் வைத்ததும் கரைந்துபோனது. அத்தையும் ஒரு வாய் சாப்பிட்டாள்.

மறு வருடமும் வகுப்பு நடந்தது. சார் அடுத்த ஊருக்கு வேலை மாறிப் போனார். போகும்போது நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை, புத்தகத்தை எடுத்துக்கொண்டார். இன்று நான் சம்பளம் வாங்கும் வேலைக்கும் அந்தச் சொற்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் அட்டை எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்றும் தெரியவில்லை. ஊக்குத் துளை மட்டும் ஒரு பழைய தாவணியில் இருக்கிறது.

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த மதியம் பிரைஸை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சித்தேரி பஸ் நிறைய ஆட்களும் உப்பு மூட்டையும் ஒரு பெட்டிக் கோழியும். படியில் தொங்கிக்கொண்டு நின்றாள். எப்போது மறுபடி என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று நம்புகிற வயசை இரண்டு பேரும் தாண்டியிருந்தோம். பஸ் நகர்ந்தது. நான் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். மலைப் பக்கம் திரும்புகிற இடத்தில் அவள் குனிந்து, கோழிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நான் எவ்ளோ மேல போனாலும் நீ உக்காந்துராத, புள்ள."